இப்னு பதூதா ஏறிவந்த பல்லக்கு

திகனக் கலவரம் நடந்து மூன்று நான்கு மாதம் இருக்கும். 2018ஆம் ஆண்டின் நடுப்பகுதி. புத்தளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் சகவாழ்வுக் கூட்டம் ஒன்று வைத்தார்கள். மேடையில் ஹாமதுரு ஒருவர், பாதிரியார் ஒருவர், கோயில் ஐயர், எங்கள் பள்ளிக் கதீப். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் என்ற முறையில் எனக்கும் பத்து நிமிஷம் தந்தார்கள். நான் என்ன பேசப்போகிறேன் என்பது அநேகமாகச் சபைக்கே தெரிந்திருக்கும். நம் சமூகத்தில் இப்படியான மேடையில் ஏறுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: இப்னு பதூதா.

1344இல் இந்தத் தீவில் வந்திறங்கிய மொரோக்கோக்காரர். இங்குள்ள முஸ்லிமல்லாதார் முஸ்லிம்களைக் கண்ணியப்படுத்துகிறார்கள், வீட்டுக்குள் அழைக்கிறார்கள், கூட இருந்து உண்கிறார்கள், மனைவி மக்கள் இருக்கிற வீட்டில் நம்பித் தங்கவைக்கிறார்கள் என்ற கருத்தில் அவர் எழுதிவைத்திருக்கிறார். அதைச் சொன்னேன். இதுதான் சிங்கள மக்களின் அசலான குணம், நடுவில் வந்த சிலர்தான் கெடுத்துவிட்டார்கள் என்று முடித்தேன். நல்ல கைதட்டல். ஹாமதுருவும் தலையாட்டினார்.

பிறகு தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்கையில் ஏ.எல். படிக்கிற பொடியன் ஒருவன் பக்கத்தில் வந்தான். கையில் ஃபோன்.

"சேர், நீங்க சொன்ன இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஷெய்க் உஸ்மான்ட கையையும் காலையும் வெட்டின கதை இருக்கே. அதையேன் சொல்லல்ல?"

நேரம் போதவில்லை என்றேன். அது பொய். அந்தக் கதை எனக்குத் தெரியும். வேண்டுமென்றுதான் விட்டேன்.

அன்றிரவு மஹ்தி ஹுசைனின் ஆங்கில மொழிபெயர்ப்பை மறுபடி எடுத்தேன். 1953இல் பரோடாவில் வெளிவந்த அந்தப் பதிப்பில் இந்தியா, மாலைதீவு, இலங்கை மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. முப்பது வருஷமாக வகுப்பில் அதிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் எனக்கு வேண்டிய பந்திகளைத்தான் வாசித்திருக்கிறேன் என்பது அன்றுதான் விளங்கியது.

பொடியன் சொன்ன கதை இதுதான். பாவா ஆதம் மலைக்குப் போகிற வழியில் குனகார் என்று ஒரு தலைநகரை இப்னு பதூதா சொல்கிறார். அது குருநாகலா கம்பளையா என்று நம் ஆய்வாளர்கள் இன்னும் பிடுங்குப்படுகிறார்கள், அது இருக்கட்டும். அந்த ஊருக்கு வெளியே ஷீராஸைச் சேர்ந்த ஷெய்க் உஸ்மானின் பள்ளிவாசல் இருந்தது. அவர்தான் பாதத்துக்கு வழிகாட்டியாக இருந்தவர். அரசனும் ஊராரும் அவரைத் தரிசிக்க வருவார்கள். அவருக்கு ஒரு கையும் இல்லை, ஒரு காலும் இல்லை. மாடு அறுத்த குற்றத்துக்காக வெட்டிவிட்டார்கள். மாடு கொன்றவனைக் கொல்வதுதான் அங்கே சட்டம். ஷெய்க் மரியாதைக்குரியவர் என்பதால் உயிரை விட்டுவிட்டு கையோடும் காலோடும் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ஒரு சந்தையின் வருமானத்தை அவருக்கு எழுதிவைத்தார்கள். வழிகாட்டும் வேலையை அவருடைய மக்களும் அடிமைகளும் செய்தார்கள்.

இதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது? முஸ்லிமைக் கண்ணியப்படுத்தினார்கள் என்ற பக்கத்திலா, கொடுமைப்படுத்தினார்கள் என்ற பக்கத்திலா? வெட்டினதும் அவர்கள்தான், சந்தை வரும்படியைக் கொடுத்ததும் அவர்கள்தான், பிறகு போய்த் தரிசித்ததும் அவர்கள்தான். மாடறுப்புத் தடை பற்றி நம் நாட்டில் வருஷத்துக்கொருமுறை எழுகிற சத்தத்தில், இந்த ஒரு பந்தியை வைத்து இரண்டு தரப்பும் தங்களுக்கு வேண்டிய மேடைப்பேச்சைத் தயாரித்துக்கொள்ளலாம்.

நான் மேடையில் சொன்ன அந்தப் புகழ்ச்சிக்கும் முன்கதை ஒன்றிருக்கிறது. ஆரம்பத்தில் இவர்கள் முஸ்லிம்களை மலைக்குப் போகவிடாமல் தடுத்து வந்தார்கள், சேர்ந்து உண்ணமாட்டார்கள் என்றே அவர் தொடங்குகிறார். ஷீராஸைச் சேர்ந்த அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப், ஹிஜ்ரி 371இல் மௌத்தான பெரியார், தன் கூட்டத்தோடு காட்டில் பசியில் கிடக்கிறார். கூட வந்த பக்கீர்கள் அவர் சொல்லைக் கேளாமல் யானைக் குட்டி ஒன்றைப் பிடித்துத் தின்கிறார்கள். இரவில் யானைகள் வந்து வாயை மோந்து பார்த்து, தின்றவர்களைக் கொல்கின்றன. தின்னாத ஷெய்கை ஒரு யானை முதுகில் ஏற்றிக் கொண்டுபோய் ஊரில் இறக்கிவிடுகிறது. அதைக் கண்ட பிறகுதான் இந்த மரியாதை எல்லாம். ஆகவே இப்னு பதூதாவின் கணக்கிலேயே இது பிறவிக்குணம் அல்ல. ஒரு சம்பவத்துக்குப் பின் வந்த மாற்றம்.

இனி அவர் எப்படிப் பயணம் செய்தார் என்று பாருங்கள்.

மாலைதீவில் காழியாக இருந்து, வஸீரோடு முறுகிக்கொண்டு புறப்பட்டவர் அவர். அவருடைய கப்பல் பத்தாலாவில் ஒதுங்கியது. நம் புத்தளம் அதுதான் என்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. கரையெல்லாம் வெள்ளத்தில் அடித்துவந்த கறுவா மரங்கள் குன்றுபோல் கிடந்தன என்கிறார். ஊரை ஆண்டவன் ஆரியச் சக்கரவர்த்தி. கப்பல்காரர்கள் அவனுக்குப் பயந்தார்கள். கடலில் கப்பல்களை மறிக்கிறவன் என்று பேர். இப்னு பதூதா இறங்கி, தான் மஃபர் சுல்தானுக்குச் சகலை முறை என்று சொல்லிக்கொண்டார். அது உண்மைதான், மதுரையில் இருந்த அந்த சுல்தானும் இவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். அரசனுக்கு ஃபார்ஸி விளங்கும். ராஜாக்களின் கதைகளைச் சொல்லிச் சொல்லி அவனை மயக்கிவிட்டார். முத்துகளைப் பரப்பி, இப்படி எங்காவது கண்டதுண்டா என்று கேட்டபோது, இல்லை என்று அவன் மனதுக்குப் பிடித்த பதிலைச் சொன்னார். அவற்றில் சிலவும் கிடைத்தன. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்குப் பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்றார்.

அரசன் தந்தது ஒரு பல்லக்கு. தூக்குவதற்கு அடிமைகள். வருஷா வருஷம் மலைக்குப் போய்ப் பழகிய யோகிகள் நான்கு பேர், பிராமணர் மூவர், அரசனுடைய ஆட்கள் பத்துப் பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர். முப்பத்திரண்டு பேர் சூழ, அரசன் கொடுத்த பல்லக்கில் ஏறிவருகிற ஒருவரை எந்த ஊரார்தான் வாசலில் நிறுத்துவார்கள்? மன்னார் மண்டலி என்று அவர் சொல்லும் ஊரில் எருமைக்கன்றுகளைக் காட்டில் உயிரோடு பிடித்துவந்து கொடுத்தார்கள். சோறு, நெய், மீன், கோழி, பால். அந்த ஊர் இன்னும் அதே அரசனின் எல்லைக்குள்தான் இருந்தது. அங்கே ஒரேயொரு முஸ்லிமைக் கண்டாராம். நோயில் விழுந்து பின்தங்கிப்போன குராசான்காரர். அவரும் இவர்களோடு சேர்ந்துகொண்டார். அந்தக் குராசானி பல்லக்கும் பரிவாரமும் இல்லாமல் அவ்வூரில் கிடந்தவர். அவரிடம் கேட்டிருந்தால் இந்த மக்களின் குணத்தைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்பதுதான் எனக்கு இப்போது அறிய ஆசையாக இருக்கிறது. நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள் என்றும் சொல்லியிருக்கலாம். இப்னு பதூதா அவரிடம் கேட்டு எதையும் எழுதவில்லை.

மலையிலிருந்து இறங்கித் தெவிநுவர, காலி, கொழும்பு வழியாக அவர் பத்தாலாவுக்குத் திரும்பினார். காலியில் அவருக்கு விருந்து வைத்தவர் இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பற்தலைவர். கொழும்பில் ஜாலஸ்தி என்ற அதிகாரியையும் அவனுடைய ஐந்நூறு ஹபஷிகளையும் குறிக்கிறார். இவையெல்லாம் தங்கமான தகவல்கள். பிறகு மலபார்க் கரையோரம் கடற்கொள்ளையர்கள் அவரிடமிருந்த எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள். இலங்கை அரசன் கொடுத்த மணிகளும் அதில் போயின. ஃபாஸ் நகரில் இப்னு ஜுஸைய் கேட்டு எழுத, நூல் முடிந்தது 1355இல். அதாவது நம்மைப் பற்றி அவர் சொன்னது பத்து வருஷம் கழித்து, பெரும்பாலும் நினைவிலிருந்து சொன்னது.

இதைச் சொல்லி இப்னு பதூதாவைச் சிறுமைப்படுத்துகிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். அவருடைய நூலில் எனக்கு இருக்கிற பிரியம் குறையவில்லை. ஆனால் அவர் ஒரு நாட்டாரை மொத்தமாக எடைபோடுகிற இடங்களை மட்டும் தனியாக எடுத்து வாசித்துப் பார்த்தால், தராசில் இன்னொன்றும் ஏறியிருப்பது தெரிகிறது: அந்த நாட்டில் இவருக்கு என்ன கிடைத்தது என்பது.

இதற்கு மாலியைவிட நல்ல சாட்சி இல்லை. 1352இல் சஹாராவைக் கடந்து அவர் முதலில் சேர்ந்த ஊர் இவாலாத்தன். அங்கிருந்த அரச பிரதிநிதி, வணிகர்கள் பக்கத்திலேயே நிற்க, மொழிபெயர்ப்பாளரை வைத்துத்தான் அவர்களோடு பேசினான். அது அவர்களுடைய அரசவை ஒழுங்கு. இவருக்கு அது அவமானமாகப் பட்டது. இந்த நாட்டுக்கு ஏன் வந்தோம் என்று நொந்துகொண்டார். அடுத்து ஒரு அதிகாரி விருந்துக்கு அழைத்தான். இடித்த கம்பு, கொஞ்சம் தேன், கொஞ்சம் பால், அரைச் சுரைக்குடுக்கையில். இதற்காகவா கூப்பிட்டார்கள் என்று கேட்டார். ஆமாம், இதுதான் இங்கே பெரிய விருந்து என்றார்கள். அந்த ஒரு குடுக்கையோடு, இந்த மக்களிடம் எந்த நன்மையையும் எதிர்பார்க்க முடியாது என்று தீர்ப்பெழுதிவிட்டார். பாலைவனத்தின் ஓரத்தில் தேன் என்ன விலைக்குப் போகும் என்று யாரிடமாவது கேட்டாரா தெரியாது.

தலைநகரில் மன்ஸா சுலைமான். சுல்தானின் அன்பளிப்பு வருகிறது, எழுந்து நில்லுங்கள் என்று ஆள் ஓடிவந்து சொன்னதும், பட்டு அங்கியும் பணமும் என்று நினைத்து எழுந்து நின்றார். வந்தது மூன்று ரொட்டி, பொரித்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்று, ஒரு குடுக்கையில் தயிர். சிரித்துவிட்டார். இவ்வளவு அற்பமானதைப் பெரிதாக நினைக்கிற இவர்களின் அறிவைக் கண்டு வியந்தாராம். சில மாதம் பொறுத்துவிட்டு, சபையில் எழுந்து சுல்தானிடமே கேட்டார். நான் உலகத்தின் அரசர்களையெல்லாம் கண்டவன். உன் நாட்டுக்கு வந்து நான்கு மாதமாகியும் ஒன்றும் தரவில்லை. மற்ற சுல்தான்களிடம் உன்னைப் பற்றி நான் என்ன சொல்வது என்பது அந்தப் பேச்சின் சாரம். சுல்தான் தனக்கு இவரைத் தெரியாது என்று சொல்லி, உடனே வீடும் படியும் ஏற்பாடு செய்தான். நோன்பு இருபத்தேழாம் இரவில் முப்பத்து மூன்றே கால் மித்கால் போலத் தங்கம் வந்தது. துல்லியமாகச் சொன்னால் முப்பத்து மூன்றும் மூன்றில் ஒன்றும். புறப்படும்போது இன்னொரு நூறு.

அதன்பிறகு அவர் கொடுக்கிற பட்டியலைப் பாருங்கள். இந்த மக்களிடம் அநியாயம் மிகக் குறைவு, வழியில் கள்வர் பயமில்லை, தங்கள் நாட்டில் இறந்துபோன வெளிநாட்டவரின் பொருளைத் தொடமாட்டார்கள், தொழுகையில் பேணுதலானவர்கள், வெள்ளிக்கிழமை வெள்ளை உடுப்புத்தான், பிள்ளைகளைக் குர்ஆன் மனனம் செய்ய வைப்பதில் கடும் அக்கறை. குறைகளையும் சொல்கிறார், பெண்களின் உடை, அரசன் முன்னால் தலையில் மண்ணள்ளிப் போடுவது, செத்ததைத் தின்பது. இந்தப் பட்டியலில் உள்ளவற்றை அவர் கண்ணால் கண்டிருக்கிறார், எட்டு மாதம் இருந்து கண்டிருக்கிறார். அதனால்தான் மாலி வரலாறு எழுதுகிற எவரும் இன்றைக்கும் அவரை விட்டுவிட முடியாது. ஆனால் முதல் ஊரில் எழுதிய தீர்ப்பும் அதே நூலில் அழியாமல் கிடக்கிறது. கம்புக்கூழோடு அவர் திரும்பிப் போயிருந்தால் நமக்குக் கிடைத்திருக்கக்கூடிய மாலி எப்படியிருக்கும்!

மற்ற நாடுகளையும் பற்றி இதுபோலச் சொல்லலாம். மாலைதீவில் திருடனின் கையை வெட்டத் தீர்ப்புச் சொன்னபோது சபையில் இருந்தவர்கள் மயங்கி விழுந்தார்கள். அதைக் கண்டு அவர்கள் பலவீனமான சாது மக்கள் என்கிறார். சீனத்தைப் பயணிக்கு மிகப் பாதுகாப்பான நாடு என்று சொல்லிவிட்டு, வெளியே போனால் பிடிக்காததையே காண்பதால் வீட்டுக்குள்ளேயே இருந்ததாகவும் சொல்கிறார். வீட்டுக்குள் இருந்துகொண்டு ஒரு நாட்டை எடைபோட்டிருக்கிறார்.

இதையெல்லாம் அந்தப் பொடியனிடம் சொல்ல வேண்டும் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோதுதான், எனக்கு என் சொந்தப் பெட்டி ஞாபகம் வந்தது. பரணில் இருந்தது. உள்ளே எங்கள் பள்ளிவாசலின் 1988ஆம் ஆண்டு மலர். அதில் நான் எழுதிய கட்டுரை: 'அரபு நாட்டவரின் இயல்புகள்'.

1983 முதல் 1987 வரை சம்பளமில்லா லீவில் போய் தம்மாமில் ஒரு கட்டிட ஒப்பந்தக் கம்பனியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். அந்தக் கட்டுரையில் அரபிகள் இரக்கமற்றவர்கள், வாக்குத் தவறுகிறவர்கள், ஆசியாக்காரனை மனிதனாக மதிக்காதவர்கள் என்று மூன்று பக்கம். தீனுக்கும் அவர்களுக்கும் உள்ள தூரம் என்று ஒரு உபதலைப்பு வேறு. இப்போது கடதாசியை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு வருஷத்தில் நான் வாய்விட்டுப் பேசிய சவூதிகள் எத்தனை பேர்? கபீல், இரண்டு தரம். அவருடைய மகன். இகாமா அலுவலகத்தில் ஒருவர். என்னை மறித்த பொலிஸ்காரர். தண்ணீர் பவுசர் கொண்டுவருகிற பதூயீன் கிழவர். முகாமுக்கு எதிரே பகாலா வைத்திருந்த முதியவர். ஆறு பேர். மற்ற எல்லோரும் கொரியர், பிலிப்பினோ, மலையாளி, யெமனி. கட்டுரையில் என்னைத் திட்டியதாக நான் எழுதிய 'அரபி' எகிப்துக்காரர், எங்கள் மேற்பார்வையாளர். அவரும் என்னைப்போலப் பிழைக்கவந்தவர்தான்.

கபீல் எங்களுக்கு மூன்று மாதச் சம்பளத்தைத் தரவில்லை. அது நடந்தது, அந்தக் காசில்தான் தங்கச்சியின் கலியாணத்தை நிச்சயித்திருந்தோம். அந்தக் கோபத்தில்தான் முழுக் கட்டுரையும் எழுதப்பட்டிருக்கிறது. பகாலாக்கார முதியவர் நோன்பு முப்பது நாளும் எங்கள் அறைக்கு ஈத்தம்பழமும் லபனும் அனுப்பினார். அவர் அந்தக் கட்டுரையில் இல்லவே இல்லை. ஆனால் அவரையும் இங்கே முழுசாகச் சொல்லிவிட வேண்டும். உங்கள் நாட்டில் ஆம்பிளைகள் இல்லையா, ஏன் பெண்களை வீட்டு வேலைக்கு அனுப்புகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டார். அவருக்குச் 'சீலானி' என்றால் அதுதான். அவர் கண்ட சீலானிகள் எத்தனை பேரோ!

கட்டுரையோடு நிற்கவில்லை நான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம் மக்கள் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் கொட்டில்களில் கிடந்த காலத்தில், ஏஜென்சிக்காரர்கள் முகாம் முகாமாக வந்து பெண்களுக்கு பாஸ்போட் எடுத்துக்கொடுத்தார்கள். பாடசாலைத் தொண்டர்களாகப் போன நாங்கள் அவர்களைத் தடுக்கப் பார்த்தோம். என்னைத்தான் பேசவிடுவார்கள், நான் போய்வந்தவன் என்பதால். நான் என்ன பேசியிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படிப் போகாமல் நின்றவர்கள் பிழைத்தார்கள் என்று இன்றும் சிலர் எனக்கு நன்றி சொல்வார்கள். 2013 ஜனவரியில் மூதூர்ப் பிள்ளை ஒன்றை சவூதியில் சிரச்சேதம் செய்தபோது, நான் அன்றே சொன்னேனே என்று நானும் வாய்திறந்து சொன்னேன். ஊரே சொன்னது: அரபிகள் அப்படித்தான். சொல்லிச் சொல்லி நாம் கேட்க மறந்த கேள்விகள் எத்தனை! பாஸ்போட்டில் அந்தப் பிள்ளையின் வயதைக் கூட்டிப் போட்டது யார்? அவள் வாக்குமூலம் கொடுத்தபோது சரியான மொழிபெயர்ப்பாளர் ஏன் இருக்கவில்லை? வீட்டு வேலைக்கென்று போனவளிடம் நான்கு மாதக் குழந்தையை யார் ஒப்படைத்தார்கள்? இவற்றுக்கெல்லாம் விடை ஒரு இனத்தின் குணத்தில் இல்லை. ஏஜென்சியில், அலுவலகத்தில், நீதிமன்ற ஒழுங்கில் இருக்கிறது. குணத்தைப் பேசினால் வயதைத் திருத்தியவன் தப்பிவிடுகிறான்.

சரி, அப்படியென்றால் இப்னு பதூதாவின் அந்த வாக்கியத்தைத் தூக்கி எறிவதா? எறியத் தேவையில்லை என்பதற்கு ரொபர்ட் நொக்ஸிடம் ஒரு ஆதாரம் இருக்கிறது. 1660இல் கொட்டியாரத்தில், அதே மூதூர்க் கரையில், பிடிபட்டு 1679இல் அரிப்புக்குத் தப்பியோடும்வரை கண்டி அரசில் கைதியாக இருந்தவர். 1681இல் இலண்டனில் நூலை அச்சிட்டார். பத்தொன்பது வருஷம் சிங்களக் கிராமங்களுக்குள்ளேயே வாழ்ந்தவருக்கும் இந்த நோய் இருந்தது. தாழ்நிலத்தார் இரக்கமும் நேர்மையும் உள்ளவர்கள், மலைநாட்டார் வெளியே மரியாதையும் உள்ளே பொய்யும் உள்ளவர்கள் என்று பிரித்து, இதை அனுபவத்தில் கண்டதாகச் சொல்கிறார். மலைநாட்டில்தான் அவர் மறியலில் இருந்தார். தாழ்நிலத்தின் வழியாகத்தான் தப்பினார்.

ஆனால் அதே நொக்ஸ், கண்டி நகரில் சோனகருக்கு ஒரு பள்ளி இருந்தது என்றும், முந்தைய அரசர்கள் அதற்கு ஓர் உரிமை வழங்கியிருந்தார்கள் என்றும் எழுதுகிறார். காணியுள்ள ஒவ்வொரு குடியானவனும் அதற்குச் சிறுகாசு ஒன்று செலுத்த வேண்டும். சோனகர் வீடு வீடாகப் போய் வாங்குவார்கள். வீடு பூட்டியிருந்தால் உடைத்துத் திறந்து அந்தப் பெறுமதிக்குப் பொருள் எடுக்கவும் அதிகாரம். சனங்கள் தாராளமாகக் கொடுத்தார்கள் என்றும் சொல்கிறார்.

முன்னூறு வருஷ இடைவெளி. ஒருவர் மொரோக்கோ முஸ்லிம், மற்றவர் ஆங்கிலேயக் கிறிஸ்தவர். நொக்ஸ் ரிஹ்லாவைக் கண்டிருக்க வழியில்லை. ஐரோப்பாவில் அது முழுமையாகப் பதிப்பிக்கப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில். இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: இந்த நாட்டின் உள்பகுதியில் முஸ்லிம் பக்கீர்கள் முஸ்லிமல்லாதார் வீடுகளுக்குப் போய்ப் பெற்றுக்கொள்கிற ஒரு வழக்கம் இருந்தது, அதற்கு அரசனின் துணை இருந்தது. உஸ்மானுக்குக் கிடைத்த சந்தை வரும்படியையும் இதனோடு சேர்த்து வைக்கலாம். இது குணத்தைப் பற்றிய செய்தி அல்ல, வழக்கத்தைப் பற்றியது. வழக்கத்துக்கு ஆண்டு உண்டு, கொடுத்தவர் உண்டு, அது நின்றுபோன காலமும் உண்டு. அதைத் தேடிப் போகலாம். பூட்டிய வீட்டை உடைக்கிற அதிகாரம் இருக்கும் இடத்தில் அன்பு எவ்வளவு, பயம் எவ்வளவு என்று கேட்கவும் இடமிருக்கிறது. கண்டி அரசில் நம் முன்னோரின் நிலையை எழுதப்போகும் ஆய்வாளருக்கு அந்தக் கேள்வி, என் மேடைப்பேச்சைவிடப் பிரயோசனமானது.

நமக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இதே நாட்டில் ஒல்லாந்தர் நம் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தினார்கள், குடியிருப்பைத் தடுத்தார்கள், ஊழியம் வாங்கினார்கள். அதற்கு அவர்கள் சொன்ன நியாயங்களிலும் சோனகரின் குணம் என்ற பேச்சு உண்டு. தங்கள் கறுவாவுக்கும் பாக்குக்கும் போட்டியாக வந்த சிலரைக் கண்டு முழுச் சமூகத்துக்கும் எழுதிய தீர்ப்பு அது. அதை நாம் ஏற்கமாட்டோம். ஏற்கவும் கூடாது. அப்படியானால் நமக்குப் பிடித்த பயணியின் கையிலிருந்து அதே மாதிரியான தீர்ப்பை, அது புகழ்ச்சி என்பதற்காக, எப்படி வாங்கிக்கொள்வது?

அந்த வருஷக் கடைசியில் ஒரு கலியாண வீட்டில் ஒரு மனிசி என்னைக் கண்டு சிரித்தா. அறுபது வயதிருக்கும். மன்னார்ப் பக்கத்து ஆள், 91இல் முகாமில் இருந்தவ.

"மாஸ்டர், நீங்க அன்டைக்குக் கொட்டில்ல வந்து பேசினீங்களே, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தன். கேட்டும் போனன். புள்ளைகளுக்குச் சோறு வேணுமே."

தாயிஃபில் ஒரே வீட்டில் பதினொரு வருஷம் இருந்திருக்கிறா. எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"மொதல் வருஷம் உங்கட பேச்சாலதான் கஷ்டம். அந்த மனிசி சாப்பாடு தந்தா சந்தேகத்தோட தின்ன. சம்பளம் தந்தா ராத்திரி எழும்பி எண்ணிப் பாத்த. அவ சிரிச்சா இதுக்குள்ள என்ன இருக்கோன்னு நெனச்ச. பொறகுதான் மெல்ல மெல்ல வெளங்கிச்சு."

அப்படியென்றால் அரபிகள் நல்லவர்கள் என்கிறீர்களா என்று கேட்டேன். பழக்கதோஷம்.

"அரபிகளப் பத்தி எனக்கென்ன தெரியும் மாஸ்டர்? எனக்கு ஒரு வீடுதான் தெரியும். அடுத்த வீட்டுல இருந்த நம்ம நாட்டுப் புள்ள அழுத சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேக்கும். அந்த வீட்டப் பத்தி அவள்தான் செல்லணும்."

அடுத்த கிழமை அவவின் வீட்டுக்குப் போனேன். கொப்பி கொண்டுபோனேன். எத்தனை அறை, எத்தனை மணிக்கு எழும்புவது, பாஸ்போட் யாரிடம் இருந்தது, கதவுத் திறப்பு யாரிடம், முதல் மாதச் சம்பளம் எத்தனை ரியால், கடைசி மாதம் எத்தனை, உம்மா மௌத்தானபோது ஊருக்கு விட்டார்களா. எல்லாம் எழுதினேன். பதினெட்டுப் பக்கம் வந்தது. திறப்பு முதல் மூன்று வருஷம் வீட்டுக்காரியிடம் இருந்தது, பிறகு இவவிடம். பாஸ்போட் கடைசிவரை கிடைக்கவில்லை. உம்மாவின் மௌத்துக்கு விடவில்லை. நாற்பதாம் நாள் கத்தத்துக்கு டிக்கட் போட்டு அனுப்பினார்கள். அந்த வீட்டில் இவ வளர்த்த பெண்பிள்ளை இப்போதும் பெருநாளைக்குப் பெருநாள் கோல் எடுக்கிறாளாம்.

எழும்பும்போது அவவே சொன்னா, முகாமிலிருந்து போன இன்னும் ஏழு பேர் அந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாங்க, கூப்பிட்டு வைக்கிறேன் என்று. அதில் ஒருத்தி தாயிஃபில் அடுத்த வீட்டில் இருந்தவள். நான் அந்தப் பொடியனுக்குச் சொல்லி, ஃபோனில் பதிவுசெய்ய அவனையும் கூட்டிக்கொண்டு போனேன்.